தேருக்குப் போகாத பெண்

நுவரெலியாவில் நான் இறங்கும்போது தூறிக்கொண்டிருந்தது. திரும்பும்போதும் தூறிக்கொண்டுதான் இருந்தது. இடையில் மழை விடவே இல்லையா என்று கேட்டால், விட்ட நேரத்தில் பனிமூட்டம் இருந்தது. திருச்சி வெயிலில் வெந்தவளுக்கு அந்த ஊர் சொர்க்கமாக இருக்கும் என்று ஆய்வகத்தில் எல்லோரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முதல் நாள் மாலையே எனக்கு மூக்கடைத்துக்கொண்டது.

கண்டியில் ஒரு கருத்தரங்குக்காக இலங்கை வந்திருந்தேன். ஓய்வு பெறப்போகும் ஆளுக்கு மரியாதையாக ஒரு பேச்சு கொடுப்பார்கள் அல்லவா, அப்படி ஒன்று. தலைப்பு, ஹார்மோன்களும் வளர்ச்சியும். எலியின் சினைப்பையை எடுத்துவிட்டால் அதன் எலும்பு என்ன ஆகிறது என்று பார்ப்பதில் என் இளமை போயிற்று. அதன்பிறகு மனித ரத்தம் வர ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிகளிலிருந்து ஐஸ் பெட்டியில் குழாய்கள் வரும். குழாயின் மேல் ஓர் எண்ணும் வயதும் இருக்கும். ஹார்மோன் அளவைப் பார்த்து எழுதி அனுப்பிவிடுவேன். அந்த விடை யார் வீட்டுக்குப் போயிற்று, அங்கே யார் அழுதார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் ஆசைப்பட்டதும் இல்லை.

கண்டியில் பேசி முடித்ததும் ஒரே ஒருவர் எழுந்து கேள்வி கேட்டார். அது எனக்கு முன்னால் பேசியவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. வாழ்நாள் ஆராய்ச்சிக்கு இதுதான் கைதட்டல் என்று நினைத்துக்கொண்டு பையைத் தூக்கினேன்.

மலைக்கு வந்தது பாக்கியத்துக்காக. எங்கள் ஆய்வகத்தில் எலிக்கூண்டு கழுவுகிறவள். கைக்குழந்தையாக இருந்தபோது அவளுடைய குடும்பம் சிலோனிலிருந்து திருச்சிக்கு வந்துவிட்டது. சித்தி குடும்பம் வரவில்லை. அந்தச் சித்தியின் மகள் சரோஜா, ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அவளிடம் கொடுக்கச் சொல்லி ஒரு துணிப்பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டாள் பாக்கியம். கண்டியும் ராகலையும் வரைபடத்தில் இரண்டு விரல் தூரம்தான் என்று காட்டினாள். நடுவில் மலை இருப்பதை அந்த விரல்கள் சொல்லவில்லை.

நுவரெலியா வந்த அன்று மாலை கடைத்தெருவில் தைலம் வாங்கப் போனேன். கடைக்காரர் தமிழர். என் பேச்சைக் கேட்டதுமே, "இந்தியாவுல எந்தப் பக்கம்மா?" என்றார். அவருடைய தாத்தா முசிறிக்காரராம். நான் டாக்டர் என்பது எப்படியோ வெளியே வந்துவிட்டது. உடனே சட்டைக் கையைச் சுருட்டி ஒரு தேமலைக் காட்டினார். நான் வைத்தியம் பார்க்கும் டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்கிறவள் என்று விளக்கினேன். "பரவாயில்லம்மா, தெரிஞ்சதச் சொல்லுங்க," என்றார். தெரிந்தது ஒன்றுமில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அந்த ஊரில் அதற்கு அவர் சிரமப்பட வேண்டியதே இல்லை.

இரவுக்குப் பாணும் பருப்பும் கட்டச் சம்பலும். பாண் என்றால் நம் ரொட்டி, ஆனால் கெட்டியானது, பசி தாங்கும். சம்பல் என்பது மிளகாயும் வெங்காயமும் இடித்த துவையல், அது நாக்கைச் சுட்டதில் மூக்கடைப்பு சற்று விட்டது. அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஒரே வைத்தியம் அதுதான்.

மறுநாள் காலை ராகலை பஸ். நம்மூர் மினிபஸ்ஸே தேவலை என்று சொல்ல வைக்கும் வேகம், காதைப் பிளக்கும் சிங்களப் பாட்டு. டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில் துடைப்பான் வேலை செய்யவில்லை. நடத்துநர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிப் பழைய பேப்பரால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஏறினார். முன் சீட்டிலிருந்த பெரியவர் டிரைவரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்துப் பெண்மணி எனக்குத் தமிழில் சொன்னார்: "மெதுவாப் போ மகனே, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, என்னைய எதிர்பார்த்து அங்க யாருமில்லன்னு சொல்றாருங்க." எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே ஓடையோரம் ஆட்கள் கேரட்டைக் காலால் மிதித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ராகலையில் ஒரு த்ரீவீலர் பிடித்தேன். பாதி ஏற்றத்தில் அது முனகி நின்றுவிட்டது. "கொஞ்சம் எறங்கித் தள்ளுனீங்கன்னா ஏறிருமுங்க," என்று மரியாதையாகச் சொன்னார் ஓட்டுநர். தள்ளினேன். ஏறிய வண்டி, நின்றால் மறுபடி கிளம்பாது என்ற பயத்தில் என்னை விட்டுவிட்டு மேலே போய்விட்டது. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்து போய்ச் சேர்ந்தபோது கணுக்காலில் இரண்டு அட்டைகள் இருந்தன. எங்கோ ஒலிபெருக்கியில் மாரியம்மன் பாட்டு. தோட்டத்துக் கோயிலில் திருவிழாவாம், மறுநாள் தேர்.

சரோஜாவின் வீடு லயத்தின் கடைசி. வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள், ஒரே தகரக் கூரை. ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டில் கேட்கும். பாக்கியம் போனில் சொல்லியிருந்தாளாம், சரோஜா என்னைப் பார்த்ததும் அட்டைக்கு உப்பு எடுத்து வந்தாள். பாக்கியத்தின் அதே மூக்கு, அதே நடை. திருச்சிக்கே திரும்பிவிட்டது போலிருந்தது.

"ஒக்காருங்கம்மா. புள்ள, டாக்டரம்மாவுக்கு தேத்தண்ணி கொண்டா."

தேநீர் கொண்டுவந்த சிறுமிக்குப் பத்து, பதினொன்று வயது இருக்கும் என்று நினைத்தேன். எத்தனையாவது படிக்கிறாய் என்றேன். ஏ லெவல் என்றாள். அது நம்மூர் ப்ளஸ் டூ. பெயர் தர்ஷினி.

நான் அவள் கையைப் பார்த்தேன். கோப்பையைப் பிடித்து விரல்களை மடக்கியிருந்தபோது நான்காவது விரலின் மொளி மட்டும் உள்ளே அமுங்கியிருந்தது. கழுத்து அகலம். பின்மயிர் கழுத்தில் வெகுதூரம் கீழே இறங்கியிருந்தது. முழங்கை சற்று வெளியே வளைந்திருந்தது. புத்தகத்தில் இந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பெண்ணுக்கு இருக்க வேண்டிய இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று இல்லாமல் பிறக்கிற குழந்தைகள். உயரம் வராது. சினைப்பை பிஞ்சிலேயே வற்றிப்போகும். அதனால் பெரும்பாலும் வயதுக்கும் வரமாட்டார்கள். என்னிடம் வந்த குழாய்களில் இப்படிப்பட்டவர்களின் ரத்தம் இருந்திருக்கிறது. கையில் கோப்பையோடு ஒருத்தி எதிரில் வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

ஆனால் சுவரில் வேறு ஒரு படம் மாட்டியிருந்தது. தர்ஷினி பட்டுப் பாவாடையும் தாவணியும் கட்டி, தலையில் கிரீடம் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கால் தரையைத் தொடவில்லை. கீழே பொன்னெழுத்தில் 'மஞ்சள் நீராட்டு விழா' என்று அச்சடித்திருந்தது.

பொட்டலத்தைப் பிரித்தாள் சரோஜா. அரக்கு நிறப் பட்டு. உடனே மகளை நிறுத்திச் சேலையைத் தோளில் போட்டுப் பார்த்தாள். எத்தனை மடிப்பு வைத்தும் சேலை மிஞ்சி, காலைச் சுற்றிக் குவிந்து கிடந்தது. "எங்கண்ணன் மகனுக்குத்தாங்க பேசி வச்சிருக்கு. கொழும்புல கடையில நிக்கிறான். சடங்குக்கு எங்கண்ணன்தான் சீர் கொண்டாந்தாரு," என்றாள். தர்ஷினி சேலையைக் கழற்றி மடித்தாள்.

நாளைக்குத் தேருக்கு நீயும் போவாயா என்று அவளிடம் கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"அவ வீட்டுக்குத் தூரமுங்க. கோயில் பக்கம் போக முடியாது," என்றாள் சரோஜா.

இந்த நோய் உள்ளவர்களில் சிலருக்கு மாதவிலக்கு வருவதும் உண்டு. எனவே அவசரப்படக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் வாசலுக்கு எதிரே, எல்லோரும் நடக்கிற வழியில், கொடியில் துணித்துண்டுகள் வரிசையாகத் தொங்கின. நம்மூரில் அவற்றை வேறு துணிக்கு அடியில் மறைத்துப் போடுவார்கள். இங்கே தோரணம் கட்டியது போல வெளியே தெரிந்தன. பல தடவை துவைத்து நூல் பிரிந்த துணிகள், ஆனால் ஒன்றிலும் ஒரு மங்கல் கறை இல்லை. அந்தக் கறை அவ்வளவு லேசில் போகாது என்று எந்தப் பெண்ணுக்கும் தெரியும். இதற்கு டாக்டர் பட்டம் தேவையில்லை.

அதற்குள் பக்கத்து வீட்டுப் பூமணி வந்துவிட்டாள். இந்தியா டாக்டர் வந்திருக்கும் செய்தி பீலிக்கரைக்கு எட்டியிருந்தது. மலைத்தண்ணீர் குழாய் வழியாக விழும் இடத்தை அங்கே பீலி என்கிறார்கள். குளிப்பது, துவைப்பது, ஊர்வம்பு எல்லாம் அங்கேதான். பூமணிக்கு முழங்கால் வலி. நான் அந்த டாக்டர் இல்லை என்ற விளக்கத்தை அவளும் சட்டை செய்யவில்லை. வீங்கியிருந்த காலைத் தொட்டுப் பார்த்து, தள்ளிப் போடாமல் நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். "நீங்க சொன்னா போறேங்க," என்றாள். அந்த ஒரு யோசனையை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

மாலையில் என்னைப் பஸ்ஸேற்றக் குறுக்குப் பாதையில் கூட்டிக்கொண்டு போனாள் சரோஜா. இருபுறமும் தேயிலை, முன்னால் பனி. நேராகவே கேட்டுவிட்டேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"சரோஜா, தர்ஷினி இன்னும் வயசுக்கு வரலைதானே?"

அவள் நிற்கவில்லை. இன்னும் வேகமாக நடந்தாள். திருப்பத்தில் போய் நின்று, தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. அவ கையைப் பார்த்தேன்."

"அவ கூட்டாளிப் புள்ளைங்க எல்லாத்துக்கும் சடங்கு முடிஞ்சிருச்சுங்க. பீலிக்குப் போனா ஒவ்வொருத்தியும் கேப்பா. ஒரு நாளு ஒருத்தி கேட்டா, அது பொம்பளப் புள்ளதானா, நல்லாப் பாத்தியான்னு. அன்னிக்கு வந்து ராத்திரி பூரா ஒக்காந்திருந்தேன். விடிஞ்சதும் பெரிய மனுசி ஆயிட்டான்னு சொல்லிட்டேன். அவ அப்பா அப்ப இருந்தாரு. அவருக்கே தெரியாது. தெரியாமயே போய்ச் சேந்துட்டாரு."

"ஆஸ்பத்திரியில கேட்டிருப்பாங்களே?"

"பள்ளிக்கூடத்துக்கு ஆஸ்பத்திரி மிஸ்ஸி வந்தாங்க. மாசாமாசம் சரியா வருதான்னு கேட்டாங்க. வருதுன்னேன். அப்பறம் என்ன, ஆளு குள்ளம், சத்து பத்தலன்னு மாவு குடுத்தாங்க. மாசாமாசம் நல்ல துணிய நனைச்சுக் காயப் போடுறேன். திருவிழா வந்தா கட்டாயம் அந்த நேரமுன்னு சொல்லிருவேன். தேருக்கு வராம இருந்தாத்தானே எல்லாரும் நம்புவாங்க?"

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. ஒரு பொய், கேட்டவர்கள் அத்தனை பேருக்கும் பதிலாகிவிட்டது. அதோடு யாரும் மேற்கொண்டு பார்க்கவில்லை. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் வளர்ச்சி ஹார்மோன் கொடுத்து உயரத்தைக் கூட்டியிருக்க வழி இருந்தது. இப்போது அதில் பெரும்பகுதி கை நழுவிவிட்டது. இதை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை மட்டும் சொன்னேன். இந்தப் பிள்ளைகளுக்கு இதயத்தில் கோளாறு இருக்கலாம், அதைப் பார்க்க வேண்டும். பெண் ஹார்மோன் இல்லாவிட்டால் எலும்பு சீக்கிரம் நொறுங்கும். அதை மாத்திரையாகக் கொடுத்தால் எலும்பு பலப்படும், உடம்பு பெண்ணாக முதிரும், மாதவிலக்கும் வரலாம். நாளைக்கே நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும், நான் கூட வருகிறேன், ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்.

"புள்ள பொறக்குமா?"

திருச்சியில் இந்தக் கேள்விக்கு நான் ஓர் எண்ணை எழுதி அனுப்பியிருப்பேன். "தானா உண்டாகிறது ரொம்பக் கஷ்டம்," என்றேன்.

"எங்கண்ணன் சீர் செஞ்சிருக்காருங்க," என்றாள். என்னைப் பஸ்ஸேற்றிவிட்டுத் திரும்பி நடந்தாள். வருவாள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

மூன்றாம் நாள் நுவரெலியா பஸ் நிலையத்தில் ஒரு மீன்பாண் தின்றுகொண்டு காத்திருந்தேன். பன்னுக்குள் மீனும் கிழங்கும் வைத்தது, காரமாக இருந்தது. ஒரு ராகலை பஸ் வந்தது, அவர்கள் இல்லை. இன்னொன்று வந்தது, அதிலும் இல்லை. அந்தப் பெண்ணை விட்டுவிட்டு விமானம் ஏறப்போகிறேன் என்று நினைத்தபோது மீதி மீன்பாணை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். அடுத்த பஸ்ஸிலிருந்து சரோஜா இறங்கினாள். பின்னால் பள்ளிச் சீருடையில் தர்ஷினி. சீருடை எதற்கு என்று கேட்டேன். "பாக்குறவங்க பள்ளிக்கூட விசயமாப் போறோமுன்னு நெனைப்பாங்க," என்றாள் சரோஜா. இருட்டுக்குள்ளும் ஒளிந்து நடந்து பழகியவள் அவள்.

ஆஸ்பத்திரி நடையில் நெருக்கியடித்த கூட்டம். சிங்களமும் தமிழும் இருமலும் கலந்து கேட்டன. எங்கள் முறை வந்தது. மேசையிலிருந்த மிஸ்ஸி, அதாவது நர்ஸ், வயதானவர், பொறுமைசாலி. சிங்களத்தில்தான் பேசினார். தர்ஷினி எனக்காக மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். பெயர் கேக்கிறாங்க. வயசு கேக்கிறாங்க. எடை பாக்கணுமாம்.

அப்போதுதான் சரோஜாவின் முகம் மாறியதைக் கண்டேன். எங்களுக்குப் பின்னால், இரண்டு ஆள் தள்ளி, பூமணி நின்றிருந்தாள். நான் சொன்னபடியே முழங்காலைக் காட்ட வந்திருக்கிறாள். எங்களைப் பார்த்துவிட்டு, பேச்சு காதில் விழும் தூரத்துக்கு நகர்ந்து வந்தாள்.

மிஸ்ஸி அடுத்த கேள்வியைக் கேட்டார். தர்ஷினி அதை எனக்குச் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குப் புரிந்தது.

சரோஜா வாயெடுத்தாள். கொஞ்சம் சிங்களம், கொஞ்சம் தமிழ், வருடக்கணக்காகச் சொல்லிப் பழகிய பதில் தானாக வந்தது. "வருது மிஸ்ஸி. சரியா வருது. இப்பக்கூட..."

நான் பேச நினைத்தேன். மொழி தெரியாது. தெரிந்திருந்தாலும், தன் மகளை ஊர் வாயிலிருந்து காப்பாற்ற நிற்கிற ஒரு தாயை அத்தனை பேர் முன்னால் பொய்க்காரி என்று சொல்ல எனக்கு நாக்கு எழுந்திருக்காது. மிஸ்ஸி எழுதக் குனிந்தார்.

தர்ஷினி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பள்ளியில் படித்த தெளிவான சிங்களத்தில் சத்தமாக ஏதோ சொன்னாள். நடையில் பேச்சு சட்டென்று அடங்கியது. பிறகு என் பக்கம் திரும்பி, இவ்வளவு நேரமும் செய்தது போலவே தமிழில் சொன்னாள்.

"அம்மா பயத்துல சொல்றாங்க, எனக்கு ஒரு நாளும் வந்ததில்லன்னு சொன்னேங்க."

மிஸ்ஸி பேனாவை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். கையை நீட்டச் சொன்னார். விரல்களை மடக்கச் சொன்னார். பிறகு எழுந்து, எங்கள் மூவரையும் உள்ளே கூட்டிப் போனார். கதவு சாத்தும்போது பூமணியைப் பார்த்தேன். முழங்கால் வலியை மறந்துவிட்டு நின்றிருந்தாள்.

ரத்தம் எடுத்தார்கள். மேற்கொண்டு சோதனைகளுக்குக் கண்டிக்கு வரச் சொன்னார்கள். குழாயின் மேல் நர்ஸ் எண்ணை ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட குழாயை மறுபக்கத்திலிருந்து பார்க்க எனக்கு ஓய்வுக்காலம் வரவேண்டியிருந்தது. வெட்கமாகவும் துக்கமாகவும் இருந்தது.

தேர் பார்க்காமல் போகக் கூடாது என்று சரோஜா முந்தின நாளே சத்தியம் வாங்கியிருந்ததால் நானும் அவர்களோடு ராகலை பஸ்ஸில் ஏறினேன். பூமணியும் அதே பஸ்ஸில்தான் வந்தாள். வழக்கமாக இருந்தால் அவளும் சரோஜாவும் ஒரே சீட்டில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அன்று பூமணி முன்னால் போய் நின்றுகொண்டாள். ஒரு திருப்பத்தில் தர்ஷினி தூங்கிச் சாய, சரோஜா தன் தலைத்துண்டை அவிழ்த்து அவள் கழுத்தைச் சுற்றிப் போட்டாள்.

இறங்கியதும் பூமணி அந்தக் காலை வைத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் விறுவிறுவென்று ஏறினாள். நாமும் வேகமாகப் போனால் அவளுக்கு முன்னால் போய்விடலாம் என்றேன். சரோஜா பாதையோரக் கல்லில் உட்கார்ந்தாள்.

"போகட்டுங்க. போய்ச் சொல்லட்டும். என் வாயால எப்பிடி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாமத்தான் பஸ்ஸுல வந்தேன்." பிறகு, "எங்கண்ணனுக்கும் அவளே போன் போட்டுச் சொல்லிருவா," என்றாள். சிரிக்கப் போனவள் அழுதாள். தர்ஷினி பக்கத்தில் நின்று, அம்மாவின் தோளில் விழுந்த தூறலைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

லயத்துக்குப் போனபோது இஸ்தோப்புகளில், அதாவது வீட்டு முன்தாழ்வாரங்களில், பெண்கள் நின்றிருந்தார்கள். எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். செய்தி வந்துவிட்டது. கோயில் பக்கம் தப்புச் சத்தம் கேட்டது, தேர் கிளம்பப் போகிறது. சரோஜா யாரையும் பார்க்காமல் நடந்துபோய், கொடியில் தூறலில் நனைந்து தொங்கிய துணிகளை ஒவ்வொன்றாக உருவி எடுக்க ஆரம்பித்தாள்.

தர்ஷினி வாசலில் நின்று தப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, சாதாரணமாகக் கேட்டாள்.

"அப்ப நான் தேருக்குப் போலாந்தானேம்மா?"